மாணாக்கர் வாய்மொழி உரையை மதிப்பிடும் முறை

மாணாக்கர் எழுதிய விடை தாளில் நிற்கும். ஐயம் எழின் அதனை மீண்டும் நோக்கலாம். வேறோர் ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்துவிக்கலாம். வாயினாற் சொல்லியதோ சொல்லிய கணத்தே காற்றிற் கலந்து மறைகின்றது. எஞ்சி நிற்பது கேட்டோர் உள்ளத்திற் பதிந்த எண்ணம் ஒன்றே. அவ்வெண்ணத்தை நீதி வழுவாமல் மதிப்பெண்ணாக மாற்றுவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருளாம்.

இவ்வாராய்ச்சியைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்னிறுத்திச் செய்தல் பொருத்தமுடைத்து. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலைகள் நிற்கின்றன. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள். கேரள நாட்டு மொழியோடு அதற்கு இயைபு இல்லை. தமிழே அவர்தம் தாய்மொழி. இம்மலைகள் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976ஆம் ஆண்டிலேயே அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தன. ஆதலின் சமவெளி ஊர்கள் பல தலைமுறைகளாகப் பெற்று வந்த பள்ளிக் கல்வி, மலையூர்களுக்குக் காலந்தாழ்த்தே சென்றெய்தியது. இன்று வெள்ளிமலை, கரியாலூர் முதலிய மலையூர்ப் பிள்ளைகளும், சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் முதலிய சமவெளியூர்ப் பிள்ளைகளும், பட்டணத்துப் பள்ளிகளிற் பயின்ற பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒருங்கிருந்து கற்கும் நிலை உண்டு. இவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்று பேசும்போது, ஆசிரியர் அளக்க வேண்டியது கல்வியையா, பிறந்த இடத்தையா? மதிப்பிடும் முறை செம்மையாயின் கல்வி அளக்கப்படும்; செம்மையற்றதாயின் பிறப்பே அளக்கப்பட்டுவிடும். இவ்வினாவின் கனம் இதுவே.

வாய்மொழியாற் புலமையை அளத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்டு ஆராய அரங்கேறியது என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. நூலாசிரியன் தன் நூலை அவையில் எடுத்துரைத்து, எழும் தடைகளுக்கு விடையிறுத்து, அதன்பின்னரே உலகிற்கு வழங்குவது பழைய மரபு. திருவள்ளுவரும் அமைச்சியலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை வகுத்தார். சொல்லும் ஆற்றல் வேறு, கேட்போரை அறியும் அறிவு வேறு, அஞ்சாது நிற்கும் உறுதி வேறு என்று அவர் பிரித்து வைத்த பாகுபாடு மதிப்பிடுவோர்க்குப் பெரிதும் பயன்படுவதாகும். ஒருவனிடம் ஒன்று மிகுந்தும் மற்றொன்று குறைந்தும் இருத்தல் கூடும் என்பது அதனால் விளங்குகின்றது.

மேடைப் பிரசங்கம் இன்றுள்ள வடிவம் பெற்றது 19ஆம் நூற்றாண்டிலாம். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றிய ஆறுமுக நாவலர், 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். 1849ஆம் ஆண்டில் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தது. அஃதும் வாய்மொழித் திறனைக் கேட்டு மதிப்பிட்டு அளித்த பரிசேயன்றோ? மேனாட்டில் அரிஸ்டாட்டில் சொற்பொழிவின் ஆற்றலை மூன்றாகப் பகுத்தார்: பேசுவோனது நன்மதிப்பு, கேட்போரது உணர்ச்சி, சொல்லும் பொருளின் நியாயம் என்பன அவை. பழைய நாளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வாதமே தேர்வாக இருந்தது. எழுத்துத் தேர்வு பின்னர் வந்ததே. இன்றும் முனைவர் பட்ட ஆய்வாளர் தம் ஆய்வேட்டை எழுதி முடித்த பின்னும் வாய்மொழித் தேர்வில் நின்று விடை கூறியே பட்டம் பெறுகின்றனர்.

மரபு பழையதாயினும் அதனிடத்துப் பிழைகளும் பழையனவே. அவற்றுள் தலையாயது ஒளிவட்டப் பிழையாம். 1920ஆம் ஆண்டில் தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூற் புலவர், இராணுவ அதிகாரிகள் தம் கீழ்ப்பட்டோர்க்கு இட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தார். உடற்றோற்றம், அறிவு, தலைமைத் திறம், ஒழுக்கம் ஆகியன வெவ்வேறு குணங்களாயினும், ஒன்றில் உயர்ந்தவராக மதிக்கப்பட்டவரே ஏனையவற்றிலும் உயர்ந்தவராக மதிக்கப்பட்டிருந்தமை கண்டார். ஒரு நற்குணத்தின் ஒளி மற்றவற்றின் மீதும் படிந்து, மதிப்பிடுவோர் கண்ணைக் கூசச் செய்கின்றது என்பது அவர் முடிபு. தூய உடையும் இனிய குரலும் உடைய மாணாக்கர் சொல்லும் பொருளும் ஆழமுடையதுபோலத் தோன்றுவது இதனாலேயாம்.

இதனினும் வியப்பானது 1973ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட மற்றோர் ஆராய்ச்சி. நடிகர் ஒருவரை டாக்டர் பாக்ஸ் என்னும் பெயரால் அறிஞராக அறிமுகம் செய்து, கற்றோர் அவையிற் பேச வைத்தனர். அவர்க்குப் பேசும் பொருளில் அறிவு இல்லை. பேச்சோ ஒன்றோடொன்று முரண்பட்டதும், புதியனவாகப் படைத்த போலிச் சொற்கள் நிறைந்ததும், நகைச்சுவை கலந்ததுமாக வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. கேட்டவர் பெரும்பாலார் அவ்வுரையைப் பயனுடையது என்றே மதிப்பிட்டனர். உளநூலும் மருத்துவமும் கல்வி நூலும் கற்றவர்களே இங்ஙனம் மயங்குவாராயின், வகுப்பறையில் நாற்பதின்மர் உரையை அடுத்தடுத்துக் கேட்கும் ஆசிரியர் மயங்குதல் வியப்பாமோ?

மூன்றாவது பிழை ஒப்பு நோக்கினால் வருவது. மிகச் சிறந்த உரைக்குப்பின் வரும் நடுத்தர உரை தாழ்ந்ததாகத் தோன்றும். தாழ்ந்த உரைக்குப்பின் வரின் அதுவே உயர்ந்ததாகத் தோன்றும். நான்காவது, பேச்சுவழக்கு பற்றிய விருப்பு வெறுப்பு. தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வெவ்வேறாக இருத்தலின், ஒவ்வோர் ஊரினரும் தத்தம் வீட்டு வழக்கை விட்டே அவை வழக்கிற்கு ஏறுகின்றனர். வீட்டில் நாளிதழும் நூலும் உள்ள பிள்ளைக்கு அவ்வேற்றம் இரண்டொரு படியே. வீட்டில் முதன்முதற் கல்லூரி புகுந்த பிள்ளைக்கோ அது மலையேற்றமாம். இருவரும் நின்ற இடத்தை மட்டும் நோக்கி, ஏறிய படிகளை நோக்காமை நீதியன்று.

இனி இப்பிழைகளை நீக்கும் வழியை ஆராய்வோம். முழு உரைக்கும் சேர்த்து ஒரே எண் இடுதலை விடுத்து, உரையை உறுப்புறுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே எண் இடுதலே முதல் வழி. அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களின் கழகம் 2009ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோல், வாய்மொழி உரையை அமைப்பு, மொழி, சொல்லும் முறை, சான்று, மையக் கருத்து என ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு படிகளை விளக்கிக் கூறுகின்றது. நாமும் நம் வகுப்பிற்கேற்ப 50 மதிப்பெண்ணைப் பின்வருமாறு பகுத்துக் கொள்ளலாம்: பொருளும் சான்றும் 15, ஒழுங்கு 10, சொல் 10, குரலும் நிலையும் 5, வினாவிற்கு விடை கூறல் 10.

பொருளுக்கு மிகுதியும் அளித்தமை ஏனெனின், டாக்டர் பாக்ஸ் போன்றார் வெற்றி பெறாதிருத்தற்பொருட்டு. குரலுக்கு 5 மட்டும் அளித்தமை ஏனெனின், குரல் பெரும்பாலும் இயற்கையாலும் வளர்ந்த சூழலாலும் அமைவது. ஆயினும் அதனை முற்றும் நீக்கலாகாது. கடைசி வரிசையில் இருப்பார்க்குக் கேளாத சொல் சொல்லப்படாத சொல்லேயாம்.

எண்களை மட்டும் வகுத்தல் போதாது. ஒவ்வோர் எண்ணிற்கும் உரிய தகுதியைச் சொற்களாலும் வரையறுத்தல் வேண்டும். பொருளுக்குரிய 15இல், சொல்லிய கருத்து தெளிவாகவும், அதற்குச் சான்று இடம் காலம் அளவு ஆகியவற்றோடும், தானே கண்டும் கேட்டும் படித்தும் அறிந்தமை விளங்கவும் உரைத்தவர்க்கு 13 முதல் 15 வரை அளிக்கலாம். கருத்து தெளிவாயினும் சான்று குறைந்தவர்க்கு 9 முதல் 12 வரை. பொதுவான செய்திகளை மட்டும் கூறியவர்க்கு 5 முதல் 8 வரை. தலைப்பைவிட்டு அகன்றவர்க்கு 4உம் அதற்குக் கீழும் எனக் கொள்க. இங்ஙனமே ஏனைய உறுப்புக்களுக்கும் எழுதிக்கொண்டு, பேசும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னரே மாணாக்கர் கையில் அதனைக் கொடுத்துவிடுதல் வேண்டும். அளவுகோலை மறைத்து வைத்து அளப்பது தேர்வன்று, பொறியாம்.

ஒழுங்கை அளத்தற்கு நம் நன்னூலே துணை செய்கின்றது. பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நூலுக்குக் கூறிய பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் உரைக்கும் பொருந்துவனவே. ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது கூறியது கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துச் செல்வது மற்றொன்று விரித்தல். முன் சொன்னதற்கு மாறாகப் பின் சொல்வது மாறுகொளக் கூறல். தொடக்கத்தில் முழங்கிப் போகப்போக வலியிழந்து முடிவின்றி நின்றுபோவது சென்று தேய்ந்திறுதல். இது மாணாக்கர் உரைகளில் மிகுதியும் காணப்படுவது. இக்குற்றங்களின் பெயரை மதிப்பெண் தாளிலேயே குறித்துவிடின், ஆசிரியர் நெடிது எழுத வேண்டியதில்லை. மாணாக்கரும் தம் குறையை நொடியில் அறிவர்.

சொல்லுக்குரிய 10இல் தான் மலையூர் மாணாக்கர்க்கு அநீதி நேரும் இடம் உளது. இங்கு விதி ஒன்றை வகுத்துக் கொள்வோம்: கேட்போர்க்குப் பொருள் விளங்காதவிடத்தே எண் குறைக்க, ஒலிப்பு நமக்குப் பழக்கமில்லாதது என்பதற்காகக் குறைக்கலாகாது. மலையில் வழங்கும் ஒரு சொல்லைச் சொல்லி, அதன் பொருளையும் விளக்கிய மாணாக்கர் குற்றம் செய்தாரல்லர். அவைக்குப் புதியதொரு சொல்லை ஈந்தவராவார். ஆயின் செந்தமிழ் நடையைக் கற்பித்தலும் கல்லூரியின் கடமையே என்பாரும் உளர். அவர் கூற்று மெய்யே. கற்பித்தபின் அளக்க என்பதே நாம் கூறும் விடை. பயிற்சி அளியாமல் எண்ணைக் குறைப்பது, விதைக்காத நிலத்தில் விளைச்சல் கேட்பதை ஒக்கும்.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இருவர் பேசுவதாகக் கற்பனை செய்து கொள்வோம். முதல்வர் காடுகளைக் காத்தல் என்னும் தலைப்பில், மணிபோன்ற குரலில், ஒரு தடையுமின்றி ஏழு நிமிடம் பேசுகின்றார். காடு நாட்டின் செல்வம், மரம் மழையைத் தரும் என்னும் பொதுச் செய்திகளே அவர் உரையில் நிரம்பியுள்ளன. உம் ஊரில் எந்த மரம் குறைந்துள்ளது, ஏன் என்று வினவினால், முன் சொல்லிய வாக்கியங்களையே மீண்டும் சொல்கின்றார். இரண்டாமவர் கல்வராயன் மலையில் சாமைப் பயிர் என்னும் தலைப்பில் தாழ்ந்த குரலில், இடையிடையே நின்று நின்று பேசுகின்றார். மலைச்சரிவில் மழையை நம்பி அப்பயிரை விதைக்கும் முறை, உமி நீக்க உரலிலிட்டு இடிக்கும் உழைப்பு, அவ்வுழைப்பு முழுதும் பெண்டிர் தோளில் விழுவது ஆகியவற்றைக் கூறுகின்றார். சாமை குறைந்து மரவள்ளி மிகுந்தது ஏன் என்று வினவினால், மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைகள் பணம் கொடுத்து வாங்குகின்றன, சாமையோ வீட்டு உணவாக நின்றுவிட்டது என்று தாமே காரணம் காட்டுகின்றார்.

கேட்ட அளவில் எண் இடுவோர் முதல்வர்க்கு 40உம் இரண்டாமவர்க்கு 25உம் இடக்கூடும். உறுப்புறுப்பாக அளப்போமாயின், முதல்வர் பொருளில் 7, ஒழுங்கில் 6, சொல்லில் 8, குரலில் 5, விடையில் 2 ஆக 28 பெறுவர். இரண்டாமவர் பொருளில் 13, ஒழுங்கில் 6, சொல்லில் 7, குரலில் 2, விடையில் 9 ஆக 37 பெறுவர். வரிசை தலைகீழாயிற்று. முதல்வர்க்கும் இதனால் இழப்பில்லை. குரல் உமக்கு வாய்த்துள்ளது, இனிப் பொருளைத் தேடுக என்னும் நல்லுரை அவர்க்குக் கிட்டிற்று. இரண்டாமவர்க்கோ, உம்மிடம் பொருள் உண்டு, குரலை உயர்த்துக என்னும் ஊக்கம் கிட்டிற்று. ஒரே எண் இட்டிருப்பின் இவ்விரண்டும் மறைந்தே போயிருக்கும்.

விடை கூறலுக்கு 10 அளித்தமைக்கு இக்காலத்தில் மற்றுமொரு காரணமும் உண்டு. வேண்டிய தலைப்பில் அழகிய சொற்பொழிவை நொடிப்பொழுதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. எழுதி ஒப்பித்த உரை எவருடையது என்று அறிதல் அரிது. ஆனால் எதிர்பாராத வினாவிற்கு நின்ற நிலையிற் கூறும் விடை பேசுவோர்க்கே உரியது. ஆதலின் வினாக்கள் மடக்குவனவாக இல்லாமல், அறிந்ததை வெளிக்கொணர்வனவாக அமைதல் வேண்டும். இச்செய்தியை எங்ஙனம் அறிந்தீர், இதற்கு மாறாக ஒருவர் கூறின் என் சொல்வீர், இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவீரா என்னும் மூன்றும் எவ்வுரைக்கும் பொருந்தும் வினாக்களாம்.

செயன்முறை பற்றியும் சில கூறுவோம். ஏழு நிமிடம் உரைக்கும் மூன்று நிமிடம் வினாவிற்குமாக ஒருவர்க்குப் பத்து நிமிடம் வேண்டும். நாற்பதின்மர் உள்ள வகுப்பிற்கு 400 நிமிடம். அஃதாவது ஐம்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு. ஒரு பருவத்தில் எட்டு வேளையை ஒதுக்குதல் இயலாததன்று. பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்க. இரண்டு ஆசிரியர் இருப்பின் இருவரும் ஒருவர் தாளை ஒருவர் நோக்காமல் எண் இட்டு, பின்னர் ஒப்பிடுக. வேறுபாடு 5க்கு மேற்படின், எவ்வுறுப்பில் வேறுபாடு எழுந்தது என்று கண்டு பேசித் தீர்க்க; 5க்குட்படின் சராசரியைக் கொள்க. தேர்வு தொடங்குமுன் மாதிரி உரை ஒன்றைக் கேட்டு இருவரும் எண் இட்டுப் பார்த்தல் அளவுகோலை ஒன்றாக்கும். பேசுவோர் இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்து வைப்பின், முறையீடு எழுந்தவிடத்து மீண்டும் கேட்கலாம். காற்றிற் கலந்த சொல்லும் தாளிற் பதிந்த எழுத்தைப்போல நிலைபெறும்.

அச்சத்தினால் நாவெழாமல் நிற்போர்க்கு எண் குறைக்காமல் அரை நிமிட அமைதியேனும் அளித்தல் வேண்டும். திக்குவாய் உடையார்க்குக் காலம் கூட்டி அளித்து, குரலுக்குரிய எண்ணை ஏனைய உறுப்புக்களுக்குப் பகிர்ந்துவிடுதல் நீதியாம். கேட்டிருக்கும் மாணாக்கரையும் வாளாவிருக்க விடலாகாது. ஒவ்வொருவரும் சிறு தாளில் உரையின் நன்மை ஒன்றும், தமக்கு எழுந்த வினா ஒன்றும் எழுதித் தருக. அவர்கள் எண் இட வேண்டுவதில்லை. நட்பும் பகையும் எண்ணில் புகுந்துவிடும். பிறர் உரையை உற்றுக் கேட்கும் பழக்கமே தம் உரையைத் திருத்தும் முதற் பயிற்சியாதல் அறிக.

முடிவாக, மதிப்பெண்ணை அறிவிக்கும் முறை. குறையை அவையில் எடுத்துரைத்தல் ஆகாது. முதன்முறை மேடை ஏறிய பிள்ளை நகைப்புக்கு ஆளாயின், அவர் வாய் மூடுவது அன்றைக்கு மட்டுமன்று. நேர்முகத் தேர்வில், கிராம சபையில், அலுவலர் முன்னிலையில், தம் நிலத்திற்கும் உரிமைக்கும் பேச வேண்டிய இடங்களிலெல்லாம் அவர் வாய் மூடியே இருத்தல் கூடும். மலையினின்றும் இறங்கி வந்து கற்ற ஒருவர் பேசக் கற்றாராயின், அவர் ஊரே அவர் வாயாற் பேசும். அவ்வாயைத் திறப்பதும் அடைப்பதும் ஆசிரியர் கையிலுள்ள சிறு தாளைப் பொறுத்ததாகலின், அத்தாளை எளிதாக எண்ணற்க.

மாணாக்கர்களே, நீவிரும் ஒன்று அறிதல் வேண்டும். பிறர் வாக்கை ஒப்பிப்பதினும், நும் ஊரில் நும் கண் கண்டதை நும் சொல்லால் ஒழுங்குபட உரைப்பதே உயர்ந்த உரை. ஆசிரியப் பெருமக்களே, முதற் பருவத்தில் ஓர் உரைக்கும் இறுதிப் பருவத்தில் ஓர் உரைக்கும் இட்ட எண்களை அருகருகே வைத்து நோக்குக. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே மாணாக்கர் ஏறிய படிகளின் கணக்கும், நாம் கற்பித்த கல்வியின் கணக்குமாம்.